பேயபிள், டாக்சபிள், நெகோஷியபிள்: '-அபிள்' என்று முடிந்தால் 'முடியும்' என்று பொருளா?

பெங்களூரில் அக்கவுண்ட்ஸ் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருப்பதாகச் சொல்லி, இதைக் கேட்டிருக்கிறீர்கள். அப்படிப் பொருள் கொள்ளாதீர்கள். காசு சம்பந்தப்பட்ட சொற்களில் பெரும்பாலும் அது 'கூடிய' அல்ல, 'வேண்டிய'.

பேயபிள் என்றால் கொடுக்க வேண்டிய, ரிசீவபிள் என்றால் நமக்கு வர வேண்டிய. ரீஃபண்டபிள் திருப்பித் தர வேண்டிய. வீட்டு அட்வான்ஸ் பத்திரத்தில் இந்தச் சொல் இருக்கிறதா, பெயிண்டிங்குக்காகக் கழித்துக்கொள்ளும் தொகை எவ்வளவு என்று எழுதியிருக்கிறதா, இரண்டையும் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். டாக்சபிள் மட்டும் கொஞ்சம் வேறு. வரிக்கு உட்பட்ட என்றுதான் பொருள், வரி பாக்கி என்றல்ல. வரி கட்டிய பிறகும் அந்தத் தொகை டாக்சபிள்தான். வயபிள் என்பதற்குக் 'கட்டுப்படியாகிற' என்ற நம் சொல்லே கச்சிதம். இந்த வருஷம் நஷ்டத்தில் ஓடும் கிளைகூட வயபிளாக இருக்கலாம், ப்ராஃபிட்டபிளாக (லாபகரமாக) இருக்காது.

புதியவர்கள் அதிகம் குழம்புவது அவுட்ஸ்டாண்டிங், ட்யூ, ஓவர்ட்யூ மூன்றில். மார்ச் 1 தேதியிட்ட 50,000 ரூபாய் பில், தவணை 30 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மார்ச் 10 அன்று 20,000 கட்டியாயிற்று. மிச்சம் 30,000 அவுட்ஸ்டாண்டிங். மார்ச் 31 அன்று ட்யூ, அதாவது கட்ட வேண்டிய கெடு. ஏப்ரல் 1 முதல் ஓவர்ட்யூ, அதாவது கெடு தாண்டியது. மார்ச் 15 அன்றே 'ஓவர்ட்யூ' என்று மெயில் போட்டால் வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார், நியாயமும் அவர் பக்கம்தான்.

பில் கொடுத்தவர் உத்யம் (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) பதிவுள்ள குறு, சிறு உற்பத்தியாளர் என்றால் கணக்கே வேறு. ஒப்பந்தத்தில் 60 நாள் என்று இருந்தாலும் 2006ஆம் ஆண்டுக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, சரக்கை ஏற்றுக்கொண்டதிலிருந்து 45 நாள்தான் உச்சவரம்பு. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டி.

ஜிஎஸ்டியில் எக்செம்ப்ட் (வரிவிலக்கு), ஜீரோ ரேட்டட் (பூஜ்ய வரி) இரண்டையும் ஒன்றாகப் போட்டுவிடாதீர்கள். ஏற்றுமதியும் எஸ்இஇசட் (சிறப்புப் பொருளாதார மண்டல) சப்ளையும் ஜீரோ ரேட்டட். உள்ளீட்டு வரியை, அதாவது நாம் வாங்கும்போது கட்டிய வரியை, திரும்பக் கேட்கலாம். எக்செம்ப்ட்டில் அந்த வரி கைவிட்டுப் போகும்.

நெகோஷியபிள் வாடகை என்றால் பேசிக் குறைக்கலாம். செக்கில் 'நாட் நெகோஷியபிள்' என்று கோடு போட்டிருந்தால் பேரமும் இல்லை, கைமாற்றத் தடையும் இல்லை. கொடுத்தவருக்கு இருந்த உரிமைக்கு மேல் வாங்கியவருக்குக் கிடைக்காது, அவ்வளவுதான். திருட்டுச் செக் என்றால், தெரியாமல் வாங்கியவருக்கும் அதில் உரிமை இல்லை. பணம் பெயர் போட்டவர் கணக்குக்கு மட்டுமே போக வேண்டும் என்றால் 'அக்கவுண்ட் பேயீ ஒன்லி' என்று எழுதுங்கள்.