செத்த எஸ்எஸ்டியின் போர்டில் எங்கே கை வைப்பது? கேள்வி பதில்

கேள்வி: 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி. நேற்று வரை ஓடியது, இன்று பயாஸிலேயே தெரியவில்லை. எங்கே தொடங்குவது சார்?

பதில்: வேறு கேபிளில் போட்டுப் பார்த்துவிட்டீர்கள்தானே? சரி, மூடியைக் கழற்றுங்கள். கரன்ட் கொடுக்காமல், 5 வோல்ட் வரும் பாதைக்கும் கிரவுண்டுக்கும் இடையே மல்டிமீட்டரில் ஓம் (மின்தடை) பாருங்கள். பூஜ்யத்தை ஒட்டி வந்தால் ஷார்ட். கனெக்டர் பக்கத்தில் போர்டுக்குக் காவலாக இருக்கும் டிவிஎஸ் டயோடுதான் என் முதல் சந்தேகம். வோல்டேஜ் எகிறினால் அதுதான் முதலில் பலியாகும். அதைக் கழற்றியதும் ஷார்ட் போய்விட்டால், டேட்டாவை எடுக்கும் வரை அது இல்லாமலே ஓட்டலாம்.

கேள்வி: என்னுடையது எம்.2 என்விஎம்இ (மதர்போர்டில் நேராகச் செருகும் மெல்லிய எஸ்எஸ்டி). ஒரு காயிலில் 3 ஓம்தான் காட்டுகிறது. போச்சா?

பதில்: அவசரப்படாதீர்கள். அது கன்ட்ரோலரின் (டிரைவை நடத்தும் முதன்மை சிப்) உள்மையத்துக்குப் போகும் கோர் சப்ளை என்றால் சில ஓம்கள் இயல்பாகவே இருக்கலாம். அதே மாடலில் நல்ல போர்டு கிடைத்தால் ஒப்பிட்டுப் பாருங்கள். 3.3 வோல்ட் உள்ளே வரும் இடத்தில் அதே 3 ஓம் என்றால்தான் கவலை.

கேள்வி: ஷார்ட் உறுதி. ஒரே லைனில் ஏகப்பட்ட கெப்பாசிட்டர். ஒவ்வொன்றாகக் கழற்றவா?

பதில்: ஐயோ, வேண்டாம். பெஞ்ச் சப்ளையில் (வோல்டேஜையும் கரன்ட்டையும் நாமே வைக்கும் பவர் சப்ளை) 1 வோல்ட்டுக்குள் வைத்து, அந்த லைனில் கொடுத்து, கரன்ட் லிமிட்டைக் குறைவில் தொடங்கி மெல்ல ஏற்றுங்கள். அந்த லைனின் இயல்பு வோல்டேஜை மட்டும் தாண்டவே கூடாது. கோர் லைன் 1 வோல்ட்டுக்கும் கீழே ஓடக்கூடும். போர்டில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தடவிவிட்டுக் கவனியுங்கள்: ஷார்ட்டான கெப்பாசிட்டர் மேல் மட்டும் ஈரம் சட்டென்று காயும். வடிகட்டும் கெப்பாசிட்டர்கள் பல இணையாக இருப்பதால் ஒன்றை எடுத்தாலும் டிரைவ் பெரும்பாலும் ஓடும். சூடாவது கன்ட்ரோலரே என்றால் அத்தோடு நிறுத்துங்கள்.

கேள்வி: கன்ட்ரோலர் போனால் என்ன? மெமரி சிப்பை வேறு போர்டில் ஒட்டிவிடலாமே?

பதில்: பழைய பென்டிரைவில் பலித்த வித்தை அது. இப்போதைய கன்ட்ரோலர்கள் பலவும் டேட்டாவைப் பூட்டித்தான் எழுதுகின்றன, சாவி அந்தக் கன்ட்ரோலரோடு கட்டுண்டது. போர்டு மட்டும் உடைந்திருந்தால் கன்ட்ரோலரையும் மெமரியையும் சேர்த்தே இடம் மாற்ற வேண்டும். கை தேர்ந்தவர்கள் வேலை.

கேள்வி: வோல்டேஜ் எல்லாம் சரி. ஆனால் 480 ஜிபி டிரைவ் வேறு பெயரில், சில எம்பி அளவில் தெரிகிறது.

பதில்: ஃபர்ம்வேர் (டிரைவை இயக்கும் உள் மென்பொருள்) ஏறவில்லை, சாலிடரிங் அயர்னை அணைத்துவிடுங்கள். ஃபர்ம்வேரைப் புதிதாக ஏற்றும் டூல்கள் டிரைவைப் பிழைக்க வைக்கும்தான், உள்ளே இருந்ததைத் துடைத்துவிட்டு. டேட்டா வேண்டுமென்றால் அவற்றைத் தொடாமல் மீட்பு ஆய்வகத்திடம் கொடுங்கள்.