பாட்டி பாடிய அரக்குத் தட்டு

அன்புள்ள ஆசிரியருக்கு,

பழைய இசைத்தட்டுகளைப் பற்றிய உங்கள் கட்டுரையில் அடெலினா பாட்டி என்ற ஓபரா பாடகியின் பெயரைப் பார்த்துவிட்டு இணையத்தில் தேடிக் கேட்டேன். இசையமைப்பாளர் வெர்டியே வியந்த குரல் என்று எழுதியிருந்தீர்கள். எனக்குக் கேட்டதோ தகர டப்பாவுக்குள் உட்கார்ந்துகொண்டு ஒரு கிழவி பாடுவது. கூடவே அப்பளம் பொரிகிற சத்தம். பெயருக்கேற்ற பாட்டிதான். பழையது என்பதாலேயே பரவசப்பட்டுவிடுகிறோமோ என்று தோன்றுகிறது. இன்னொன்று: தாத்தா விட்டுப்போன முப்பது தட்டுகள் பரணில் பூஞ்சை பிடித்துக் கிடக்கின்றன. ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கலாமா?

எஸ்., தஞ்சாவூர்

அன்புள்ள எஸ்.,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அதுதான் அவசரம். ஸ்பிரிட் பாட்டிலை மூடி வையுங்கள். அந்தத் தட்டுகள் அரக்கால் ஆனவை. மரச்சாமான் பாலிஷ் போடுகிறவர் அரக்கை எதில் கரைக்கிறார்? ஸ்பிரிட்டில்தான். நானும் ஒருமுறை, விவரம் தெரியாத வயதில், பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து ஒரு தட்டைத் துடைத்தேன். பஞ்சு கறுத்துக்கொண்டே வந்தது. அழுக்கு போகிறது என்று மகிழ்ந்து இன்னும் அழுத்தித் தேய்த்தேன். போனது அழுக்கல்ல, பாட்டு. வெதுவெதுப்பான தண்ணீரில் துளி சோப்புக் கரைசல், மெல்லிய துணி, பள்ளம் போகும் திசையிலேயே துடைப்பது, நடுவிலுள்ள காகித லேபிள் நனையாமல் பார்த்துக்கொள்வது. இவ்வளவு போதும். காய்ந்த பிறகு புத்தகத்தை நிறுத்துவதுபோல் நிறுத்தி வையுங்கள். படுக்கப்போட்டு அடுக்கினால் அடித்தட்டு மேல்பாரத்தில் நெளிந்துவிடும்.

அப்பளச் சத்தமும் இந்த அரக்கு விவகாரம்தான். புரசு, இலந்தை மரக் கிளைகளில் ஒரு பூச்சி சுரக்கும் பிசின் அது. உலகத்துக்குப் போன அரக்கில் பெரும்பங்கு நம் சோட்டா நாக்பூர் பக்கத்துக் காடுகளிலிருந்து கல்கத்தா வழியாகக் கப்பலேறியது. தட்டு செய்கிறவர்கள் அதில் கல்லைப் பொடித்த மாவும் கரியும் கலந்து அச்சில் அழுத்தினார்கள். எஃகு ஊசியைத் தேய்த்து, பள்ளத்துக்குப் பொருந்தும்படி செய்வது அந்தக் கல்மாவின் வேலை. பக்கத்துக்கு ஓர் ஊசி என்று மாற்றச் சொன்னதும் அதனால்தான். ஊசி தேய்கிற ஓசையைத்தான் நீங்கள் அப்பளம் என்கிறீர்கள். உவமையில் குறையில்லை.

இனி பாட்டி. இத்தாலியர் வாயில் அந்தப் பெயர் 'பத்தி' என்பதற்குப் பக்கத்தில் வரும். ஆனால் உங்கள் சிலேடையைக் கெடுக்க மனமில்லை. தட்டில் பாடியபோது அவர் நிஜமாகவே பாட்டி வயதில்தான் இருந்தார். 1843இல் மாட்ரிட்டில் பிறந்தவர். பெற்றோர் இருவரும் இத்தாலியப் பாடகர்கள். வளர்ந்தது நியூயார்க்கில். 16 வயதில், 1859இல், அங்கேயே 'லூச்சியா' ஓபராவின் நாயகியாக மேடையேறினார். 1861இல் லண்டன் கோவென்ட் கார்டனில் பெல்லினியின் 'லா சொன்னாம்புலா' ஓபரா. அதற்குப் பிறகு முப்பது வருடங்களுக்கு மேல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அவர் கேட்ட சம்பளம்தான் சம்பளம்.

அந்தச் சம்பளத்தைப் பற்றி, அவரை அமெரிக்காவுக்கு அழைத்துப்போன ஓபரா கம்பெனி முதலாளி மேப்பிள்சன் ஒரு கதை எழுதி வைத்திருக்கிறார். ஓர் இரவுக்கு ஆயிரம் பவுண்டு, அதுவும் பாடுவதற்கு முன்பே. பாஸ்டனில் ஒருநாள் 'லா திராவியாத்தா' ஓபரா. மேப்பிள்சன் கையில் 800தான் இருந்தது. பாட்டியின் ஆள் வந்து சொன்னார்: அம்மா உடை உடுத்தித் தயாராகிவிட்டார், காலணி மட்டும் போடவில்லை, மீதி வந்ததும் போட்டுக்கொள்வார். டிக்கெட் வசூலிலிருந்து 160 சேர்த்துக் கொடுத்தார்கள். ஒரு கால் காலணி ஏறியது. கடைசி 40 வந்ததும் மறு காலும் ஏறியது. பிறகு சிரித்த முகத்தோடு மேடைக்குப் போனாராம். கதை சொன்னவர் கடன்காரர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டே படிக்க வேண்டும். ஆனாலும் எனக்குப் பிடித்த கதை.

இப்படிப்பட்டவர் கிராமபோன் கம்பெனிக்காரர்களைப் பல காலம் கிட்டவே சேர்க்கவில்லை. 1905 டிசம்பரில்தான் மனமிரங்கினார். வேல்ஸ் நாட்டில் கிரெய்க்-இ-நோஸ் என்ற அவருடைய மாளிகைக்குக் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் ஃப்ரெட் கெய்ஸ்பெர்க் தன் தம்பியோடு கருவியைத் தூக்கிக்கொண்டு போனார். 1902இல் கல்கத்தாவில் இந்துஸ்தானிப் பாடகி கௌஹர் ஜானைப் பதிவு செய்தாரே, அதே கெய்ஸ்பெர்க். இரண்டு படுக்கையறைகளை ஒழித்துக் கொடுத்தார்கள். நடுவே திரை, திரையில் ஒரு துளை, துளை வழியே நீட்டிய கூம்புக் குழல். பியானோவை மரப்பெட்டிகள்மேல் ஏற்றி வைத்திருந்தார்கள். பதிவுக் கருவிக்கு மைக் கிடையாது, மின்சாரம் கிடையாது. குழலுக்குள் போகும் காற்றின் அதிர்வே ஒரு முள்ளை அசைத்து மெழுகில் கோடு கிழிக்க வேண்டும். மேடையில் ஆடிப்பாடிப் பழகிய 62 வயது அம்மையார் அந்தச் சின்னக் குழலுக்கு முன்னால் அசையாமல் நிற்க வேண்டும். உரத்த சுரம் வரும்போதெல்லாம் முள் துள்ளிவிடாமலிருக்க கெய்ஸ்பெர்க் அவரைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். ராணிகளோடு பழகியவரை யாரோ ஒரு கருவிக்காரன் தொட்டு இழுப்பதா? முதலில் கடும் கோபம்.

பாடியதை உடனே கேட்க வேண்டும் என்றார். மெழுகை ஓட்டிக் கேட்டால் அது பாழாகிவிடும், அதிலிருந்து தட்டு அச்சடிக்க முடியாது. ஆனாலும் ஓட்டிக் காட்டினார்கள். பியானோ வாசித்த லாண்டன் ரொனால்ட் இதை எழுதியிருக்கிறார்: பாட்டி குழலுக்குள் முத்தங்களை வீசி எறிந்தாராம். நான் ஏன் பாட்டி என்று இப்போதல்லவா புரிகிறது, என்ன குரல், எப்பேர்ப்பட்ட கலைஞர் என்று பிரெஞ்சில் கூவினாராம். தன்னடக்கம் என்ற நோய் அவரை அண்டியதில்லை. கோபமும் அதோடு தீர்ந்தது. அந்தத் தட்டு ஒன்றின் விலை 21 ஷில்லிங்.

உங்கள் காதுக்குத் தகரமாகக் கேட்டது எப்படி அவருக்குத் தேனாகக் கேட்டது? கிழவியின் கர்வம் என்று ஒதுக்கிவிடலாம். நான் அப்படி நினைக்கவில்லை. குழல் எல்லா ஒலியையும் வாங்காது. அதிர்வெண் ஏறக்குறைய 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலே போகப்போக அதற்குக் காது மந்தம். ஒரு குரலை இன்னார் குரல் என்று காட்டும் மினுக்கம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. பெண் குரல் உயரப் போகிறபோது இழப்பு இன்னும் அதிகம். அதே காலத்து ஓபரா பாடகர் கரூசோ தட்டில் முழு ஆளாக நிற்பதற்கு ஆண் குரல் என்பதும் ஒரு காரணம். ஆக, பாட்டியின் குரலின் நிறம் உங்களுக்குக் கிடைக்காது. எனக்கும் கிடைக்கவில்லை. ஆனால் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு அவர் எப்படிப் போகிறார், எங்கே தயங்குகிறார், எங்கே காலத்தை இழுத்துவிட்டு எங்கே திருப்பிக் கொடுக்கிறார் என்பதெல்லாம் குழலுக்கு எட்டிய எல்லைக்குள் இருந்தவை. அவை அப்படியே இருக்கின்றன. அவர் கேட்டுக் குதூகலித்தது அவற்றைத்தான் என்பது என் ஊகம்.

இந்த இடத்தில் நமக்கு ஒரு வசதி உண்டு. இன்றைய ஓபராவில் பாடகி சுரத்துக்குச் சுரம் சுத்தமாகத் தாவ வேண்டும். பாட்டி வழுக்கிக்கொண்டு போகிறார். மேல்நாட்டு ரசிகர்கள் பலருக்கு அது பழைய பாணியின் அசட்டுத்தனமாகப் படுகிறது. சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கும் ஜாரு கேட்டு வளர்ந்த தஞ்சாவூர்க் காதுக்கு அதில் என்ன அந்நியம்? இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் இரண்டு சுரங்களுக்கு நடுவிலும் பாட்டு இருக்கிறது என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பழையது எல்லாம் பொன் என்றும் சொல்ல மாட்டேன். சில தட்டுகளில் மூச்சு வாங்குகிறது. வேகமான பாடல்களில் திணறுகிறார். 'ஹோம் ஸ்வீட் ஹோம்' பாட்டை என்னால் இரண்டாம் முறை கேட்க முடியவில்லை. அதை விடுங்கள். 1906இல் பதிவான 'ஆ நோன் கிரெதேயா' என்ற பாடலைக் கேளுங்கள். 18 வயதில் லண்டனில் அவர் முதன்முதலாகப் பாடிய அதே ஓபராவில் வருவது. தூக்கத்தில் நடக்கும் பெண் கையிலிருக்கும் பூவைப் பார்த்து, இத்தனை சீக்கிரம் வாடுவாய் என்று நினைக்கவில்லையே என்று பாடுகிறாள். 63 வயதில் இதைப் பாடினாரே என்று உருக வேண்டாம். நாற்பத்தைந்து வருடம் கைப்பழக்கமான உருப்படி, தொழில் செய்கிறார். அந்தத் தொழிலைக் கவனியுங்கள்.

ஒரு எச்சரிக்கை. அக்காலத்துத் தட்டுகள் எல்லாமே நிமிடத்துக்கு 78 சுற்றில் பதிந்தவை அல்ல, அந்தக் கணக்கு பிறகு நிலைத்தது. 74 சுற்றில் பதிந்ததை 78இல் ஓட்டினால் சுருதி ஏறக்குறைய அரைச் சுரம் ஏறிவிடும், குரலும் கீச்சிடும். இணையத்தில் போடுகிறவர்கள் பலர் இதைப் பார்ப்பதில்லை. நீங்கள் கேட்ட தகர டப்பாவில் பாதி இதுவாகவே இருக்கலாம். வேகத்தைக் கொஞ்சம் குறைத்து, இரவு சந்தடி அடங்கியபின் கேட்டுவிட்டு எழுதுங்கள். அப்பளம் அப்போதும் பொரிந்துகொண்டுதான் இருக்கும்.