வாசகர் கேள்வி - பதில்: இரண்டு வீடியோ கலக்கும்போது லேப்டாப் ஏன் திணறுகிறது?

கேள்வி: காவேரிப்பட்டணத்தில் சவுண்ட் சர்வீஸ் நடத்திவருகிறேன். திருமண வரவேற்பானாலும் கோயில் திருவிழாவானாலும் இப்போது பாட்டு மட்டும் போதவில்லை, எல்.இ.டி. திரையில் வீடியோவும் ஓட வேண்டும் என்கிறார்கள். ஐ3 பிராசஸர், 8 ஜிபி ராம், ஹார்டு டிஸ்க் உள்ள என் பழைய லேப்டாப்பில், பாட்டையும் வீடியோவையும் கலக்கும் விர்ச்சுவல் டிஜே மென்பொருளைப் போட்டிருக்கிறேன். ஒரு வீடியோ நன்றாக ஓடுகிறது. அடுத்ததை மிக்ஸ் செய்யும்போது படம் நின்று நின்று வருகிறது. கடையில் ஐ7 வாங்கச் சொல்கிறார்கள். 70,000 ரூபாய் வரை செலவிட முடியும். எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: ஐ7 என்ற பெயருக்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். ஒரு வீடியோ ஓடும்போது சுருக்கி வைத்த ஒரு கோப்பை விரித்துத் திரைக்கு அனுப்பினால் போதும். மிக்ஸ் செய்யும் அந்தச் சில நொடிகளிலோ இரண்டு கோப்புகளையும் ஒரே சமயத்தில் விரித்து, ஒன்றோடொன்று கலந்து, மேடைத் திரைக்கும் உங்கள் முன்னால் உள்ள திரைக்கும் தனித்தனியே அனுப்ப வேண்டியிருக்கிறது. ஃபுல் எச்டி வீடியோவின் ஒரு படம் (ஃபிரேம்) விரிந்த நிலையில் ஏறத்தாழ 8 எம்பி. நொடிக்கு 30 படங்கள் என்றால் ஒரு வீடியோவுக்கே 250 எம்பி, இரண்டுக்கு 500 எம்பி ஆகிறது. இந்த வேலையைக் கிராபிக்ஸ் சிப் ஏற்றுக்கொண்டால் பிராசஸர் பாட்டைக் கவனித்துக்கொள்ளும். ஏற்காவிட்டால் எல்லாச் சுமையும் பிராசஸர் தலையில் விழுந்து, படத்தோடு ஒலியும் வெட்ட ஆரம்பிக்கும்.

உங்கள் ஹார்டு டிஸ்க்கும் இதில் பங்குதாரர்தான். அதன் படிக்கும் முனை இரண்டு கோப்புகளுக்கும் இடையே மாறி மாறி ஓட வேண்டும். பேஸ் பாக்ஸுக்குப் பக்கத்தில் மேசை போட்டிருந்தால் அதிர்வும் அதன் வேகத்தைக் குறைக்கும். எனவே புதிதாக வாங்குவதற்கு முன், இதே லேப்டாப்பில் ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக, சுழலும் பாகம் இல்லாத எஸ்எஸ்டி மாற்றுங்கள். காலி ஸ்லாட் இருந்தால் இன்னொரு 8 ஜிபி ராமையும் சேர்த்துப் பாருங்கள். பிராசஸரோடு சேர்ந்து வரும் கிராபிக்ஸ் இந்த ராமையே பங்கிட்டுக்கொள்வதால், ஒரே ராமைவிட இரண்டு ராம்கள் இருப்பது அதற்கு வேகம் தரும். சிறிய மண்டபங்களுக்கு இதுவே போதுமானதாக இருக்கக்கூடும்.

வாங்கத்தான் வேண்டுமென்றால், முதலில் கிராபிக்ஸ் கார்டுக்கும் சூட்டைத் தணிக்கும் விசிறிக்கும் பணம் ஒதுக்குங்கள். பிராசஸர் அதற்குப் பிறகுதான். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3050 போன்ற தொடக்க நிலைக் கார்டு, 16 ஜிபி ராம், வேகமான என்விஎம்இ வகை எஸ்எஸ்டி ஆகியவற்றோடு ஐ5 அல்லது ரைசன் 5 இருந்தால் உங்கள் தொழிலுக்குத் தாராளம். பிராசஸர் பெயரின் கடைசி எழுத்தையும் கவனியுங்கள். யு என்று முடிபவை பெரும்பாலும் 15 வாட் அளவிலும், எச் என்று முடிபவை 45 வாட் அளவிலும் இயங்கும்படி அமைக்கப்பட்டவை. இரவு முழுவதும் ஓடும் நிகழ்ச்சிக்கு யு வகை ஐ7-ஐவிட எச் வகை ஐ5-தான் தாக்குப்பிடிக்கும். கடைக்காரர்கள் இந்த எழுத்தைப் பற்றி வாய் திறப்பது அரிது.

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் பழைய கேமிங் லேப்டாப் வாங்க நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. எம்பி4 என்பது வெறும் உறை; உள்ளே வீடியோவைச் சுருக்கியிருக்கும் முறை எச்.264 ஆகவும் இருக்கலாம், புதிய ஏவி1 ஆகவும் இருக்கலாம். என்விடியா கார்டுகளில் ஏவி1 கோப்பை விரிக்கும் வசதி ஆர்டிஎக்ஸ் 30 வரிசையிலிருந்துதான் வந்தது. பழைய ஜிடிஎக்ஸ் 1650 கார்டில் அது கிடையாது. அத்தகைய லேப்டாப் வைத்திருந்தால், பாடல்களை முன்கூட்டியே எச்.264-க்கு மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

4கே வீடியோ சேகரிப்பதை நான் ஊக்குவிக்க மாட்டேன். வாடகைக்கு வரும் பி3.91 வகைத் திரையில் (புள்ளிகளுக்கு இடையே 3.91 மி.மீ. இடைவெளி உள்ளது) அரை மீட்டர் சதுரப் பலகை ஒன்றில் 128-க்கு 128 புள்ளிகளே உள்ளன. நான்கு மீட்டர் அகலமும் இரண்டரை மீட்டர் உயரமும் கொண்ட திரை கட்டினால் மொத்தம் 1024-க்கு 640 புள்ளிகள்தான் வரும். 1280-க்கு 720 அளவுள்ள சாதாரண எச்டி வீடியோவிலேயே அதைவிட அதிகப் புள்ளிகள் இருக்கின்றன. கூட்டத்தில் நிற்பவர் கண்ணுக்குத் தெரியாத துல்லியத்துக்காக லேப்டாப்பை ஃபுல் எச்டியைவிட நான்கு மடங்கு, சாதாரண எச்டியைவிட ஒன்பது மடங்கு உழைக்க வைப்பதில் பொருளில்லை. திரை வாடகைக்காரரிடம் புள்ளிக் கணக்கைக் கேட்டு வாங்கி, அதற்கேற்பக் கோப்புகளைத் தயாரித்தால் பாதிப் பிரச்சினை லேப்டாப் வாங்காமலேயே தீரும்.

வாங்கும் முன் உங்கள் பாடல்களைப் பென் டிரைவில் எடுத்துச் செல்லுங்கள். மென்பொருளை நிறுவி, எச்டிஎம்ஐ வழியாக இரண்டாவது திரையை இணைத்து, இரண்டு வீடியோக்களைத் தொடர்ந்து அரை மணி நேரம் கலக்கிப் பாருங்கள். டாஸ்க் மேனேஜரில் கிராபிக்ஸ் பகுதியின் வீடியோ டீகோட் வரைபடம் அசையாமல் கிடந்தால், வேலை பிராசஸரிடம் போகிறது என்று பொருள். விண்டோஸ் கிராபிக்ஸ் அமைப்பில் விர்ச்சுவல் டிஜேக்குத் தனிக் கார்டைத் தேர்வு செய்ய மறந்தால், கார்டு இருந்தும் அது சும்மா கிடக்கலாம். நிகழ்ச்சியின்போது சார்ஜர் இணைந்தே இருக்கட்டும். பேட்டரியில் ஓடும்போது பல லேப்டாப்புகள் கிராபிக்ஸ் வேகத்தைக் குறைத்துவிடும்.

கேள்வி: மேக்புக் ஏர் வாங்கினால் இந்தத் தொல்லைகள் எதுவும் இல்லை என்கிறார்களே, உண்மையா? (பென்னாகரம் வாசகர்)

பதில்: பாதி உண்மை. விர்ச்சுவல் டிஜே, அதைப் போன்ற இன்னொரு மென்பொருளான செராட்டோ இரண்டும் மேக்கில் ஓடும். ஆப்பிளின் எம் வரிசைச் சிப்புகளில் எச்.264-ஐ விரிக்கத் தனிப் பகுதியே இருப்பதால் இரண்டு ஃபுல் எச்டி வீடியோக்கள் சிரமமின்றிக் கலக்கும். ஆனால் எம்1 முதலான ஏர் மாடல்களில் விசிறி இல்லை. சித்திரை வெயிலில் தகரப் பந்தலுக்குள் சூடேறினால் அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். எச்டிஎம்ஐ துளையும் இல்லாததால் அடாப்டரை நம்பியிருக்க வேண்டும். எம்1, எம்2 ஏர்களில் ஒரே ஒரு வெளித்திரைதான் இணையும். மேடையின் இருபுறமும் வெவ்வேறு படம் கேட்டால் முடியாது. குளிரூட்டிய மண்டபங்களில் மட்டும் வேலை என்றால் தயங்காமல் வாங்கலாம். திருவிழாப் பந்தல்தான் உங்கள் முக்கிய வருமானம் என்றால், அதே பணத்துக்கு விசிறி உள்ள விண்டோஸ் லேப்டாப்பையே பரிந்துரைப்பேன்.