வாக்குச்சீட்டுக்குப் போராடியவர் வாக்குக் கேட்கக் கூடாதா?

கேள்வி: அமெரிக்கக் கறுப்பினத்தவரின் உரிமைப் போராட்டத்தில் மார்ட்டின் லூதர் கிங்கோடு நின்ற ஆண்ட்ரூ யங், பாதிரியாராகத் தொடங்கி, எம்.பி., ஐ.நா. தூதர், மேயர் என்று பதவி பதவியாகப் போனார். போராட்டத்தை ஏணியாக்கிக்கொண்டார் என்று சொன்னால் தப்பா?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: தப்புதான். அந்தப் போராட்டம் எதற்காக நடந்தது என்பதை விட்டுவிட்டுக் கேட்கிறீர்கள்.

யங் 1932-இல் நியூ ஆர்லியன்ஸில் ஒரு பல் மருத்துவரின் மகனாகப் பிறந்தவர். இறையியல் படித்து, ஜார்ஜியா மாநிலத்தின் தாமஸ்வில் என்ற சிற்றூரில் போதகராக இருந்தார். பிறகு நியூயார்க்கில் திருச்சபைகளின் தேசிய மன்றத்தில் வேலை, சொந்த வீடு. 1961-இல் அதையெல்லாம் விட்டுவிட்டுக் குடும்பத்தோடு தெற்கே திரும்பினார். எதற்கு? கிராமத்து மனிதர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுக்க.

அன்றைய அமெரிக்கத் தென் மாநிலங்கள் பலவற்றில் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க எழுத்தறிவுத் தேர்வு வைத்திருந்தார்கள். அரசியல் சட்டத்தில் ஒரு பிரிவைக் காட்டி விளக்கச் சொல்வார்கள். விளக்கம் சரியா என்று முடிவு செய்பவர் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் வெள்ளைக்கார அலுவலர். வாழ்நாளெல்லாம் பருத்தி பறித்த ஒரு கறுப்பினப் பாட்டியை வாசலோடு திருப்பி அனுப்ப அது போதும். அதை உடைக்கத்தான் குடியுரிமைப் பள்ளிகள் வந்தன. செப்டிமா கிளார்க் என்ற ஆசிரியை வளர்த்தெடுத்தவை அவை. முதல் வகுப்பை எடுத்தவர் பியூட்டிஷியன் வேலை பார்த்த பெர்னிஸ் ராபின்சன். பல மாநிலங்களிலிருந்து ஆட்களை ஜார்ஜியாவின் டார்செஸ்டர் மையத்துக்கு வரவழைத்துப் பயிற்சி கொடுத்து ஊருக்கு அனுப்பிய பொறுப்பு கிளார்க், டோரதி காட்டன், யங் மூவருடையது. கைநாட்டு வைத்த விரல்கள் கையெழுத்துப் போடப் பழகின.

1964 ஜூனில் புளோரிடாவின் செயின்ட் அகஸ்டினில் ஊர்வலத்தின் முன்னால் போன யங்கை அடித்துக் கீழே தள்ளி உதைத்தார்கள். எழுந்தார், நடந்தார், அடுத்த முனையில் மறுபடி அடி விழுந்தது. மறு ஆண்டு வாக்குரிமைச் சட்டம் வந்தது. 1968-இல் மெம்பிஸ் விடுதியின் மாடியில் கிங் சுடப்பட்டபோது, கீழே முற்றத்தில் நின்றவர்களில் அவரும் ஒருவர்.

இவ்வளவு கொடுத்து வாங்கிய உரிமையில் பாதிதான் வாக்களிப்பது. மறுபாதி, வாக்குக் கேட்டு நிற்பது. 1970-இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்கு நின்று தோற்றார். 1972-இல், வெள்ளையர் பெரும்பான்மையாக இருந்த அட்லாண்டா தொகுதியிலேயே வென்றார். ஜார்ஜியாவிலிருந்து ஒரு கறுப்பினத்தவர் காங்கிரஸுக்குப் போய் அப்போது நூறு ஆண்டு ஆகியிருந்தது.

பதவி ஆசை என்கிறீர்கள், 1979-ஐப் பாருங்கள். 1977-இல் அதிபர் கார்ட்டர் அவரை ஐ.நா.வுக்கான அமெரிக்கத் தூதராக்கினார். அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் கறுப்பினத்தவர். அதே ஆண்டு நவம்பரில் தென்னாப்பிரிக்காவுக்கு ஆயுதம் விற்பதைப் பாதுகாப்புச் சபை தடை செய்தபோது அமெரிக்காவின் நாற்காலியில் இருந்தவர் அவர். பாலஸ்தீன விடுதலை இயக்கத்தோடு பேச்சு நடத்துவதில்லை என்பது அன்றைய அமெரிக்க அரசின் கொள்கை. 1979 ஜூலையில், பாலஸ்தீனர் உரிமை பற்றிய ஒரு விவாதத்தைத் தள்ளிவைக்கும் முயற்சியில், குவைத் தூதரின் வீட்டில் அந்த இயக்கத்தின் ஐ.நா. பிரதிநிதியைச் சந்தித்தார். விஷயம் வெளியே வந்தது. தன் வெளியுறவுத் துறையிடமே முதலில் முழு உண்மையைச் சொல்லவில்லை. அது அவர் தவறு, அதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் சந்தித்ததற்கு அவர் வருந்தவில்லை. ஆகஸ்டில் பதவி விலகினார்.

14 ஆண்டுகள் கழித்து, 1993 செப்டம்பரில், அதே இயக்கத்தின் தலைவர் அராஃபத்தை வெள்ளை மாளிகைப் புல்வெளியில் வரவேற்றார் அமெரிக்க அதிபர்.

தூதர் பதவி போன பிறகு யங் திரும்பியது அட்லாண்டாவுக்கு. 1981-இல் மேயர் தேர்தல். அங்கேயும் அவரை யாரும் நியமிக்கவில்லை. வாக்குக் கேட்டுத்தான் வென்றார்.