ஒரு தெரு போதும்: குழந்தைகளோடு பழைய நகரம் பார்க்கப் போகிறவர்களுக்கு

பதினைந்து வருடமாகப் பள்ளிப் பிள்ளைகளைப் பழைய நகரப் பகுதிகளில் நடத்திக் கூட்டிப்போவது என் வேலை. மதிலுக்குள் முளைத்த ஊர்கள், சந்துகள், மணிக்கூண்டுச் சதுக்கங்கள் என்று சுற்றுவோம். பெற்றோர்கள் கேட்ட கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டு, மற்றவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அக்கா, எனக்கு ஆறு வயதிலும் ஒன்பது வயதிலும் இரண்டு பிள்ளைகள். கோட்டை, மணிக்கூண்டு, சந்தை, அருங்காட்சியகம் எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்துவிடலாமா?

நீங்கள் முடித்துவிடுவீர்கள். பிள்ளைகள் மூன்றாவது இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிடுவார்கள். என் கணக்குப்படி ஆறு வயதுக்கு ஒன்றரை மணி நேரம், ஒன்பது வயதுக்கு இரண்டு. அதற்குள் ஒரு தெரு, ஒரு சதுக்கம், ஏறிப் பார்க்க ஓர் உயரம். அவ்வளவுதான்.

ஏறுவதை முதலில் வையுங்கள். கடைசிக்குத் தள்ளினால் தூக்கிக்கொண்டு ஏற வேண்டியது நீங்கள்தான். இன்னொரு காரணமும் உண்டு. மேலிருந்து பார்த்த பிள்ளைக்கு ஊரின் உருவம் மனதில் பதிந்துவிடும். மதில் எங்கே வளைகிறது, எந்தக் கோபுரம் எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொண்டு கீழே இறங்கினால், "நாம அங்கேயிருந்து பார்த்த சிவப்பு ஓடு இதுதான்" என்று அவர்களே சொல்வார்கள். மதில் முழுவதையும் சுற்ற ஆசைப்படாதீர்கள். குரோஷியாவில் துப்ரோவ்னிக் நகர மதிலைச் சுற்றிவர 1,940 மீட்டர் நடக்க வேண்டும். தூரம் பெரிதில்லை, ஆனால் படிகள் நிறைய, நிழல் குறைவு. மதில் என்றால் எங்கேயும் பெரும்பாலும் இதே நிலைதான்.

காலையில் சீக்கிரம் போங்கள். கதவுகள் திறப்பது, வாசல் கழுவுவது, சரக்கு இறக்குவது என்று ஊர் தன் சொந்த வேலையில் இருக்கும் நேரம் அது. பத்து மணிக்கு மேல் அந்த இடத்தில் வெறும் கூட்டம்தான் தெரியும்.

என் மகன் "எல்லாம் பழைய வீடுதானே" என்கிறான். அவனுக்கு எதைக் காட்டுவது?

அவன் சொல்வது சரி. ஒரு கட்டடத்தை முழுசாகக் காட்டி "இது பரோக் பாணி" என்றால் எனக்கே கொட்டாவி வரும். கட்டடத்தைக் காட்டாதீர்கள், தடயத்தைத் தேடச் சொல்லுங்கள்.

முதலில் வாசல்படி. நான் எப்போதும் பையில் ஒரு மரஸ்கேல் வைத்திருப்பேன். பழைய கல்படி நடுவில் தேய்ந்து குழிந்திருக்கும். ஸ்கேலைப் படியின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை குறுக்கே வைத்து, அடியில் விரலை நுழைக்கச் சொல்வேன். ஒரு முறை ஏழு வயதுப் பையன் ஒருவன் இரண்டு விரலையும் நுழைத்துவிட்டு, "இந்தக் கல்லை யார் தோண்டினாங்க?" என்றான். "செருப்பு" என்றேன். கொஞ்ச நேரம் தன் செருப்பையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். அன்று முழுக்க ஒரு படிகூட அவன் விரலுக்குத் தப்பவில்லை.

அடுத்தது தெருமுனை. சுவரின் மூலையில், முழங்கால் உயரத்தில் ஒரு கல்லோ இரும்புத்துண்டோ துருத்திக்கொண்டிருக்கும். வண்டிச் சக்கரம் திரும்பும்போது சுவரை உரசாமலிருக்க வைத்தது. பெரியவர்கள் கண்ணில் இது படவே படாது, குழந்தைகள் உயரத்துக்கு நேராக இருக்கும்.

அப்புறம் நிமிர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். ஆம்ஸ்டர்டாமின் கால்வாயோர வீடுகளில் உச்சியில் ஒரு உத்திரமும் கொக்கியும் நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளே மாடிப்படி அவ்வளவு குறுகல் என்பதால் மூட்டையும் மேஜையும் கயிற்றில் கட்டி ஜன்னல் வழியாகத்தான் ஏறும். பல வீடுகளின் முகப்பு தெருப்பக்கம் கொஞ்சம் சாய்ந்தே இருக்கும், தூக்கும் சாமான் சுவரில் இடிக்காமலிருக்க. இதைச் சொல்லிவிடாதீர்கள். "அந்தக் கொக்கி எதுக்கு?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். தூக்கில் போட, பேயைக் கட்ட, கொடி ஏற்ற என்று பத்து பதில் வரும்.

செங்கல் வைத்து அடைத்த ஜன்னலும் நல்ல புதிர். இங்கிலாந்தில் 1696 முதல் 1851 வரை ஜன்னல்களின் எண்ணிக்கையைப் பார்த்து வரி போட்டார்கள். வரிக்குப் பயந்து வெளிச்சத்தையே அடைத்தவர்கள் உண்டு. ஆனால் அங்கே பார்க்கிற அடைத்த ஜன்னல் எல்லாமே வரியால் வந்ததில்லை. முகப்பு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்று கட்டும்போதே போலி ஜன்னல் வைத்தவர்களும் இருந்தார்கள். எது எந்த வகை என்று பிள்ளைகள் வாதாடட்டும்.

வீட்டு எண்ணும் அப்படித்தான். செக் நாட்டின் பிராகில் 1770-இல் அரசி மரியா தெரேசா ஆட்சியில்தான் வீடுகளுக்கு எண் வந்தது. அதற்கு முன்பு சின்னம்தான் விலாசம். நெருதோவா தெருவில் இன்றும் வாசலுக்கு மேல் மூன்று வயலின், இரண்டு சூரியன் எல்லாம் இருக்கின்றன. "நம்ம வீட்டுக்கு நம்பர் இல்லைன்னா என்ன படம் போடலாம்?" என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் கூட்டத்தில் ஒரு பெண் "அழுகிற தம்பி" என்றாள்.

நானூறு வருடம், அறுநூறு வருடம் என்றால் என் மகளுக்கு ஒன்றும் புரிவதில்லை. எப்படிச் சொல்வது?

பாட்டிக் கணக்கு போடுங்கள். பாட்டிக்கும் பேத்திக்கும் நடுவே சுமார் 50 வருடம். அவளுக்குப் பாட்டியைத் தெரியும். அந்தப் பாட்டிக்கு ஒரு பாட்டி, அவருக்கு ஒரு பாட்டி என்று போனால் எட்டாவது பாட்டி 400 வருடத்துக்கு முந்தையவர். பிள்ளைகள் நிறைய இருந்தால் கைகோத்து வரிசையாக நிற்க வைப்பேன். பிராகின் வானியல் கடிகாரம் 1410-இல் வைத்தது. அதற்குப் பன்னிரண்டு பாட்டிகள் வேண்டும். கடைசியில் நிற்கிற பிள்ளையிடம் போய், "உங்க ஊர்ல கடிகாரம் வந்துடுச்சா பாட்டி?" என்று கேட்பேன். வரிசை சிரித்துக் கலைந்துவிடும், ஆனால் தூரம் புரிந்துவிடும்.

கைக்குழந்தை இருக்கிறது. ஸ்ட்ரோலர் எடுத்து வரலாமா?

வேண்டாம். கல் பாவிய தெருவில் சக்கரம் குதிக்கும், குழந்தை எழுந்துவிடும், சந்தில் படிக்கட்டு வந்தால் தூக்க ஆள் தேட வேண்டும். ஸ்டாக்ஹோமின் பழைய நகரில் ஒரு சந்து, குறுகலான இடத்தில் 90 சென்டிமீட்டர்தான், அதிலும் 36 படி. நெஞ்சோடு கட்டிக்கொள்ளும் கேரியர் போதும்.

கூட்டத்தில், சந்துகளில் பிள்ளை தொலைந்துவிட்டால்? இந்தப் பயத்தாலேயே போகாமல் இருக்கிறேன்.

நியாயமான பயம். இந்தத் தெருக்கள் நேர்கோட்டில் போகாது, ஒரு திருப்பத்திலேயே ஆள் மறைந்துவிடும். நான் செய்வது இதுதான். உங்கள் போன் எண்ணைப் பிள்ளையின் முன்கையில் பேனாவால் எழுதுங்கள். உள்ளே நுழைந்ததும் எங்கிருந்தும் தெரிகிற கோபுரம் ஒன்றைக் காட்டுங்கள். ஆனால் தொலைந்தால் அதை நோக்கி ஓடச் சொல்லாதீர்கள். "எங்களைக் காணோம்னா நின்ற இடத்திலேயே நில், நாங்க திரும்பி வருவோம்" என்பதுதான் ஒரே விதி. தேடுகிறவரும் நடந்து, தொலைந்தவரும் நடந்தால் சந்திக்கவே முடியாது. நேரம் ஆனால் கடைக்குள் இருப்பவரிடமோ குழந்தையோடு வரும் ஒரு அம்மாவிடமோ கையைக் காட்டச் சொல்லுங்கள். கிளம்பும்முன் ஒரு முறை நடித்துப் பார்த்துவிடுங்கள். விளையாட்டாக எடுத்துக்கொள்வார்கள்.

கார் வராத பகுதி என்று அசட்டையாக இருக்கவும் வேண்டாம். மொராக்கோவில் ஃபெஸ் நகரின் பழைய பகுதியில் கார் கிடையாது, ஆனால் சுமை ஏற்றிய கழுதை வரும். ஓட்டுபவர் "பாலக்!" என்று கத்தினால் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். வழிவிடு என்று அர்த்தம். இந்த ஒரு சொல்லைப் பிள்ளைகள் ஆயுளுக்கும் மறக்க மாட்டார்கள்.

வழிகாட்டி வைத்துக்கொள்வது நல்லதா, நாமே சுற்றுவது நல்லதா?

வழிகாட்டி குனிந்து பிள்ளையின் கண்ணைப் பார்த்துப் பேசினால் வைத்துக்கொள்ளுங்கள். உங்களைப் பார்த்தே பேசினால் வேண்டாம். கதைகளையும் கொஞ்சம் சந்தேகத்தோடு கேளுங்கள். கோட்டையின் சுழல்படி வலப்பக்கமாகச் சுற்றுவது, மேலிருந்து காப்பவன் வலது கையால் வாள் வீச வசதியாக என்று எங்கே போனாலும் சொல்வார்கள். அந்தக் காலத்து எழுத்துச் சான்று எதுவும் அதற்கு இல்லை. நான் கதையைச் சொல்லிவிட்டு, "நம்பலாமா?" என்று கேட்பேன். பத்து வயதுப் பிள்ளைகள் படியில் நின்று கையை வீசிப் பார்த்துச் சோதிப்பார்கள்.

பதின்மூன்று வயது மகள் போனிலிருந்து தலையைத் தூக்குவதில்லை.

போனையே வேலைக்கு வையுங்கள். அந்த ஊரின் பழைய புகைப்படம் ஒன்றைத் தேடி எடுத்து, அதை எடுத்தவர் நின்ற அதே இடத்தைக் கண்டுபிடித்து, அதே கோணத்தில் படம் எடுக்கச் சொல்லுங்கள். ஜன்னல்களை எண்ணி, இரண்டடி நகர்ந்து, குனிந்து என்று அரை மணி நேரம் போய்விடும். வரைபடத்தையும் அவள் கையிலேயே கொடுத்துவிடுங்கள். அவள் தப்பான சந்தில் திருப்பினால் வாயைத் திறக்காதீர்கள். எனக்கு அதுதான் கஷ்டமான பகுதி.

நாங்கள் போன இடம் பழையது மாதிரிதான் இருந்தது, ஆனால் திரும்பக் கட்டியதாம். பிள்ளைகள் "அப்ப இது பொய்யா?" என்கிறார்கள்.

அருமையான கேள்வி, அவசரமாக மூடிவிடாதீர்கள். வார்சாவின் பழைய நகரத்தை நாஜிப் படைகள் 1944-இல் தரைமட்டமாக்கின. போருக்குப் பிறகு மக்கள் அதைத் திரும்பக் கட்டினார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் பெர்னார்டோ பெல்லோட்டோ தெருத்தெருவாக வரைந்த ஓவியங்களும் அதற்கு உதவின. 1980-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, அந்த மறுகட்டுமானத்துக்காகவே சேர்த்தது. என் கருத்தில் அது பொய் இல்லை. ஆனால் பிள்ளைகளிடம் இதைத் தீர்ப்பாகச் சொல்ல மாட்டேன். "உன் வீடு இடிஞ்சா அதே மாதிரி கட்டுவியா, புதுசாக் கட்டுவியா?" என்று கேட்பேன். எப்போதும் சரிபாதியாகப் பிரிந்து சண்டை போடுவார்கள்.

திறந்த கதவுகளுக்குள் எட்டிப் பார்க்கிறார்கள். தடுக்க வேண்டுமா?

ஆமாம், தடுங்கள். அது யாரோ ஒருவருடைய வீடு. குரோஷியாவின் ஸ்ப்ளிட் நகரில் ரோமப் பேரரசர் டயோக்ளீஷியனின் அரண்மனைக்குள்ளேயே இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. பேரரசரின் சுவருக்குக் குறுக்கே துணி காயும். அகமதாபாத்தின் பழைய குடியிருப்புகளான போல்களில் தெரு அகலம் குறைவு, பேசுவதெல்லாம் வீட்டுக்குள் கேட்கும். ஆனால் அங்கே பொதுவில் பார்க்கவும் ஒன்று உண்டு, கம்பத்தின் மேல் செதுக்கிய பறவைத் தீனிக் கூண்டு. பிள்ளைகளை அதற்குக் கீழே நிறுத்திவிடுங்கள், கதவு மறந்துபோகும். வாசலில் உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம் வணக்கம் சொல்லச் சொல்லுங்கள். பல சமயம் அவரே கூப்பிட்டுக் காட்டுவார்.

கழிப்பறை?

கண்ட இடத்திலேயே போய்விடுங்கள், தேவைப்படும்வரை காத்திருக்காதீர்கள். பழைய தெருக்களில் அடுத்தது எங்கே என்று சொல்ல முடியாது.

நினைவாக ஏதாவது எடுத்து வரலாமா? மகன் கல் பொறுக்குகிறான்.

கல் வேண்டாம். ஒவ்வொருவரும் ஒன்று எடுத்தால் மதில் என்ன ஆகும் என்று அவனுக்கே புரியும். மெல்லிய காகிதமும் உறை உரித்த கிரேயானும் கொடுங்கள். கல்வெட்டு மேல் வைத்துத் தேய்க்கக் கூடாது, பழைய கல் உதிரும். தெருவில் இருக்கும் இரும்புச் சாக்கடை மூடி அதற்கென்றே செய்தது மாதிரி இருக்கும். கிரேயானைப் படுக்கவைத்துத் தேய்த்தால் ஊர்ப் பெயரும், சில சமயம் வருடமும் காகிதத்தில் மேலெழும்பி வரும். வண்டி வராத தெருவாகப் பார்த்து உட்காரச் சொல்லுங்கள், முழங்காலில் கறை படியும், அது துவைத்தால் போகாது.