லிம்போசைட் 52 சதவீதம் என்றால் இரத்தப் புற்றுநோயா?

இல்லை. உங்கள் ரிப்போர்ட் அப்படிச் சொல்லவில்லை. இவ்வளவு நீளமான கடிதத்தில் அந்த நோயின் பெயரை ஒரே ஒரு இடத்தில்தான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அசதி, முடி கொட்டுவது, பல் துலக்கும்போது ஒருநாள் ஈறில் இரத்தம் கசிந்தது என்று எதை எழுதினாலும் மனம் அதைத்தான் சுற்றி வருகிறது. அசதியும் முடி கொட்டுவதும் காய்ச்சலுக்குப் பின் வருவதுதான், விடுங்கள். ஈறுக்குப் பல் மருத்துவரைப் பாருங்கள்.

வைரஸ் காய்ச்சல் விட்ட ஒரு வாரத்தில் எடுத்த பரிசோதனை இது. வெள்ளை அணு (ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில்) 3,200, அதில் நியூட்ரோஃபில் 38 சதவீதம், லிம்போசைட் 52 சதவீதம். இரண்டும் கிருமியோடு மோதும் வெள்ளை அணு வகைகள். சதவீதத்தை விட்டுவிட்டு எண்ணிக்கையைப் பாருங்கள். 3,200-இல் 52 சதவீதம் சுமார் 1,660 வரும். பெரியவர்களுக்கு 1,000 முதல் 4,000 வரை இருக்கலாம். ஆக, லிம்போசைட் கூடவே இல்லை. நியூட்ரோஃபில் குறைந்ததால் இதன் பங்கு பெரிதாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

சரி, அது ஏன் குறைந்தது? இடுப்பெலும்பு, மார்பெலும்பு, முதுகெலும்பு போன்றவற்றின் மஜ்ஜையில்தான் ஸ்டெம் செல்கள் என்னும் தாய் அணுக்கள் பிரிந்து எல்லா இரத்த அணுக்களும் உருவாகின்றன. சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். தட்டணு (பிளேட்லெட்) ஒரு வாரம், பத்து நாள். நியூட்ரோஃபில் இரத்தத்தில் ஒரு நாள்கூட முழுசாக இருக்காது. அதனால் தினமும் பத்தாயிரம் கோடி அளவில் புதிதாக வந்துகொண்டே இருக்க வேண்டும். வைரஸ் மஜ்ஜையின் வேலையைச் சில நாள் தடுத்தால் முதலில் இறங்குவது இதுதான். சிவப்பணுவில் அது தெரியவே தெரியாது. உங்கள் ஹீமோகுளோபின் 13.8-இல் அப்படியே நிற்கிறது, பாருங்கள். புற்றுநோய் மஜ்ஜையை அடைத்திருந்தால் பெரும்பாலும் ஹீமோகுளோபினும் தட்டணுவும் சேர்ந்தே சரிந்திருக்கும், ஸ்மியரில், அதாவது கண்ணாடியில் இரத்தத்தைத் தடவி நுண்ணோக்கியில் பார்க்கும் சோதனையில், முதிராத அணுக்கள் தென்பட்டிருக்கும். உங்கள் ஸ்மியரில் இருப்பது ‘ரியாக்டிவ் லிம்போசைட்’. வைரஸோடு மல்லுக்கட்டிய அணுவுக்கு அப்படி ஒரு பெயர்.

எனக்குக் கோபம் வந்தது வேறொரு வரியைப் படித்தபோது. ‘எதிர்ப்புசக்தி மாத்திரை’ சாப்பிடுகிறீர்கள், அதில் காசுதான் வீண். ஆனால் நண்பர் கொடுத்தார் என்று இரண்டு நாளாக ஸ்டீராய்டும் விழுங்குகிறீர்களே! இரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டியிருக்கும் நியூட்ரோஃபில்களை அது உதிர்த்துவிடும். எண்ணிக்கை ஏறும், ரிப்போர்ட் அழகாக இருக்கும். எதிர்ப்பு என்னவோ குறையும். நிஜமாகவே லிம்போசைட் புற்றுநோய் இருப்பவருக்கு அதை மறைத்தும் வைக்கும். இன்றே நிறுத்துங்கள். (வாரக்கணக்கில் சாப்பிடுபவர்கள் இதைப் படித்துவிட்டுத் திடீரென நிறுத்தக் கூடாது.)

நீங்கள் பயப்பட வேண்டிய விஷயம் ஒன்று உண்டு, அதைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. காய்ச்சல் மறுபடி வந்தால்? சீழ் என்பதே பெரும்பாலும் செத்த நியூட்ரோஃபில்கள்தான். அவை மிகவும் குறைந்துபோனவருக்குக் கிருமி புகுந்தாலும் சீழ் பிடிக்காது, வீக்கம் பெரிதாகத் தெரியாது. பெரும்பாலும் காய்ச்சல் ஒன்றுதான் துப்பு. நியூட்ரோஃபில் 500-க்குக் கீழே போனவருக்கு அந்தக் காய்ச்சல் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகலாம். உங்களுக்கு இருப்பது 3,200-இல் 38 சதவீதம், அதாவது சுமார் 1,200, அந்த நிலை இல்லை. ஆனாலும் அடுத்த பரிசோதனை வரை 100.4 ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலோ குளிர் நடுக்கம் வந்தாலோ பாராசிட்டமால் போட்டுப் படுத்துவிடாதீர்கள். அது இரவு இரண்டு மணியானாலும் மருத்துவமனைக்குப் போய், இந்த ரிப்போர்ட்டை முதலில் காட்டுங்கள்.

மஜ்ஜைப் பரிசோதனை செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போது வேண்டாம். மூன்று வாரம் கழித்து இதே பரிசோதனையை ஸ்மியரோடு ஒருமுறை எடுங்கள். அப்போதும் நியூட்ரோஃபில் ஏறவில்லை, அல்லது ஹீமோகுளோபின் இறங்கியிருக்கிறது என்றால் இரத்தவியல் மருத்துவரைப் பாருங்கள். நடுவில் நாளுக்கொரு தடவை எடுத்துப் பார்க்காதீர்கள். காலையில் ஒரு எண், மாலையில் ஒரு எண் என்றுதான் வரும்.