உடன்படிக்கைப் பெட்டிக்குக் கிறிஸ்தவர்கள் காணும் அர்த்தம் என்ன? அதன் மாதிரியை வீட்டில் வைக்கலாமா?

உடன்படிக்கைப் பெட்டி என்பது, பத்துக் கட்டளைகள் எழுதிய கற்பலகைகளை வைக்க மோசேயின் காலத்தில் இஸ்ரவேலர் செய்த பொன்தகடு மூடிய மரப்பெட்டி. இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அழகுக்காக வைத்துக்கொள்ளுங்கள், ஆசீர்வாதம் வரும் என்று நம்பி வைக்காதீர்கள்.

1 சாமுவேல் 4-ஆம் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். பெலிஸ்தரோடு நடந்த யுத்தத்தில் இஸ்ரவேலர் ஏறக்குறைய 4,000 பேரை இழக்கிறார்கள். உடனே சீலோவுக்கு ஆள் அனுப்பி உடன்படிக்கைப் பெட்டியைப் பாளயத்துக்குக் கொண்டுவந்து, பூமி அதிர ஆர்ப்பரிக்கிறார்கள். அடுத்த யுத்தத்தில் விழுந்தவர்கள் 30,000 பேர். ஆசாரியன் ஏலியின் இரண்டு மகன்களும் செத்தார்கள், பெட்டியும் பறிபோனது. பெட்டி கூடவே இருந்தும் இழப்பு பல மடங்கானது என்பதை அவசரமாகத் தாண்டிப் போகாதீர்கள். மோசே செய்த அசல் பெட்டியையே தாயத்து மாதிரி பயன்படுத்த முடியவில்லை என்றால், நாம் கடையில் வாங்கும் மாதிரியைப் பற்றி என்ன சொல்வது?

சரி, அர்த்தத்துக்கு வருகிறேன். நான் பல வருடங்களாக விபிஎஸ் (சிறுவர்களுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி) வகுப்பு எடுக்கிறேன். ஒரு வருடம் அட்டையில் ஆசரிப்புக் கூடாரம், அதாவது இஸ்ரவேலர் வனாந்தரத்தில் தேவனை ஆராதித்த கூடாரம், செய்தோம். யாத்திராகமம் 25-இல் உள்ளபடி பெட்டியின் நீளம் இரண்டரை முழம், அகலமும் உயரமும் ஒன்றரை முழம். முழத்துக்குச் சுமார் 45 செ.மீ. என்று வைத்தால் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் அதிகமான நீளம், பழைய டிரங்குப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். மூடியின் மேல் இருக்கும் கேருபீன்கள் என்ற இரண்டு தேவதூத உருவங்களின் சிறகுகளை வெட்டி ஒட்டுவதிலேயே என் நேரமெல்லாம் போய்க்கொண்டிருந்தது. அப்போது ஒரு பையன், "அக்கா, மூடியை மட்டும் ஏன் தனியா செய்யச் சொல்லியிருக்கு?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து திரும்பப் படித்தேன். பெட்டி சீத்திம் மரம் (ஒருவகை வேலமரம்), அதன்மேல் பொன்தகடு. மூடியோ முழுக்கப் பசும்பொன், அதற்குத் தனிப்பெயரும் உண்டு, கிருபாசனம். ஆசனம் என்று படித்ததும் நாற்காலி போல ஏதோ ஒன்று நம் மனதில் வந்துவிடுகிறது. ஆனால் எபிரெயத்தில் அதன் பெயர் கப்போரெத், பாவநிவிர்த்தி என்பதற்கான அதே வேர்ச்சொல்லிலிருந்து வருவது.

அந்த மூடிக்குக் கீழே என்ன இருந்தது? சாலொமோன் காலத்தில் இரண்டு கற்பலகைகள் மட்டுமே இருந்தன என்கிறது 1 இராஜாக்கள் 8:9. எபிரெயர் 9:4 மன்னா வைத்த பொற்பாத்திரத்தையும் ஆரோனின் துளிர்த்த கோலையும் சேர்த்துச் சொல்கிறது. மூன்றையும் வரிசையாக நினைத்துப் பாருங்கள். சாப்பாட்டுக்காக ஜனங்கள் முறுமுறுத்தபோது வந்தது மன்னா, கோராகின் கலகத்துக்குப் பிறகு துளிர்த்தது கோல், ஜனங்கள் வணங்கிய பொன்கன்றுக்குட்டியைக் கண்டு மோசே முதல் பலகைகளை உடைத்ததால் இரண்டாவதாக எழுதப்பட்டவை அந்தப் பலகைகள். அந்த ஜனத்தின் முறுமுறுப்பும் கலகமும் துரோகமும் சாட்சியாக உள்ளே கிடக்க, மேலே தேவ மகிமை, நடுவில் அந்த மூடி.

வருடத்துக்கு ஒரு நாள், ஏழாம் மாதம் பத்தாம் தேதி வரும் பாவநிவிர்த்தி நாளில், பிரதான ஆசாரியன் பொன் வேலைப்பாடுள்ள உடையைக் கழற்றிவிட்டுச் சாதாரண சணல்நூல் உடையில், பெட்டி இருக்கும் மகா பரிசுத்த ஸ்தலத்தின் திரைக்கு உள்ளே போவான். தூபப்புகை கிருபாசனத்தை மூட வேண்டும், இல்லையென்றால் அவன் சாவான். தன் பாவத்துக்காகக் காளையின் இரத்தத்தையும் ஜனங்களுக்காக வெள்ளாட்டுக்கடாவின் இரத்தத்தையும் கொண்டுபோய் அந்த மூடியின்மேலும் அதற்கு முன்பாகவும் தெளிப்பான். (அவன் காலில் கயிறு கட்டி அனுப்புவார்கள் என்று பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். வேதத்தில் அப்படி எங்கும் இல்லை. லேவியராகமம் 16-ஐ வாசித்தாலே போதும், அந்தப் பயம் கயிறு இல்லாமலே புரியும்.)

கேருபீன்களின் முகங்கள் அந்த மூடியை நோக்கியே இருந்தன. நியாயப்பிரமாணத்தை மீறியவர்களுக்காக ஓர் உயிர் கொடுக்கப்பட்டாயிற்று என்பதற்கு அடையாளமாக அந்த இரத்தம் அங்கே இருந்தது.

இப்போது ரோமர் 3:25. தேவன் இயேசுவைக் "கிருபாதார பலியாக" ஏற்படுத்தினார் என்று நம் வேதாகமத்தில் இருக்கிறது. அந்த இடத்தில் பவுல் எழுதிய கிரேக்கச் சொல் ஹிலாஸ்தேரியோன். கப்போரெத் என்பதற்குப் பழைய ஏற்பாட்டின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு பயன்படுத்திய சொல் அதுதான், எபிரெயர் 9:5-இல் கிருபாசனம் என்று நாம் வாசிப்பதும் அதே சொல்தான். தமிழில் இரண்டு வெவ்வேறு வார்த்தைகளாகப் பிரிந்துவிட்டதால் எத்தனையோ வருடம் வாசித்தும் எனக்கு இது தெரியவில்லை. அந்த மூடி இயேசுதான் என்று பவுல் சொல்கிறார் என்றே நான் வாசிக்கிறேன். பலி என்று மட்டும் எடுப்பவர்களும் உண்டு, ஆனால் பலியும் அதன் இரத்தம் தெளிக்கப்படும் இடமும் ஒருவரே என்பதுதான் எனக்கு அந்த வசனத்தின் முழு ஆழம்.

ஒன்று வித்தியாசம். பழைய கிருபாசனம் திரைக்குப் பின்னால் இருந்தது, அங்கே பிரதான ஆசாரியன் ஒருவனைத் தவிர யாரும் போய்ப் பார்க்க முடியாது. இயேசுவோ ஊருக்கு வெளியே, போகிற வருகிறவர்கள் எல்லாரும் பார்க்கச் சிலுவையில் தொங்கினார்.

யோவான் 20:12-இல் கல்லறைக்குள் மகதலேனா மரியாள் பார்க்கிற இரண்டு தூதர்கள், இயேசுவின் உடல் இருந்த இடத்தில் தலைமாட்டில் ஒருவர், கால்மாட்டில் ஒருவர். கேருபீன்களை நினைத்துத்தான் எழுதினேன் என்று யோவான் சொல்லவில்லை. ஆனாலும் அந்தக் காட்சி என்னை விடுவதில்லை.

கத்தோலிக்கர்கள் இயேசுவின் தாய் மரியாளையே உடன்படிக்கைப் பேழை என்று அழைப்பார்கள், அது தனியாகப் பேச வேண்டிய விஷயம். யூதர்களுக்கு அந்தப் பாவநிவிர்த்தி நாள் இன்றும் உபவாசமும் ஜெபமுமாக உயிரோடு இருக்கிற நாள், நாம் வாசிக்கிறபடி அவர்கள் வாசிப்பதில்லை என்பதையும் மனதில் வையுங்கள்.

பெட்டி இப்போது எங்கே என்று தேடுவதில் எனக்கு ஆர்வம் இல்லை. ரோமில், எருசலேமைப் பிடித்து அழித்த ரோமத் தளபதி தீத்துவின் வெற்றி வளைவில், எருசலேமிலிருந்து கொள்ளையடித்துப் போன குத்துவிளக்கும் மேசையும் எக்காளங்களும் செதுக்கப்பட்டிருக்கின்றன, பெட்டி இல்லை. அதை நினைக்கக்கூட மாட்டீர்கள் என்று எரேமியா 3:16 ஏற்கெனவே சொல்லிவிட்டது.

நேரம் இருந்தால் யாத்திராகமம் 25, லேவியராகமம் 16, ரோமர் 3 மூன்றையும் ஒரே மூச்சில் வாசியுங்கள். என் வேதாகமத்தில் ரோமர் 3:25-க்குப் பக்கத்தில் பென்சிலால் "கிருபாசனம்" என்று எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த வருட விபிஎஸ்ஸில் அந்தப் பையனிடம் அந்தப் பக்கத்தைத்தான் திறந்து காட்டினேன்.